எண்ணெய் சொட்டும் அம்பாசடர்

கிரைண்டரின் பட்டை அடிக்கடி நழுவுவதைப் பற்றி இம்மாதம் எழுதுவதாகச் சென்ற இதழில் வாக்களித்திருந்தோம். வாசகர்கள் பொறுத்தருள வேண்டும். இடையே ஒரு கடிதம் வந்து நம்முடைய இரண்டு ஞாயிற்றுக்கிழமைகளையும், நல்ல வேட்டி ஒன்றையும் பறித்துக்கொண்டுவிட்டது. பட்டையை அடுத்த மாதம் கவனிப்போம்.

கடிதம் எழுதியவர் ஜாம்ஷெட்பூரில் சோனாரிப் பகுதியில் வசிக்கும் ஓர் அம்மையார். நம் சங்கத்தின் பழைய உறுப்பினர். அவருடைய கணவர் இரும்பு ஆலையில் முப்பது ஆண்டுகளுக்கு மேல் உழைத்து ஓய்வு பெற்றவர்; சென்ற ஆண்டு காலமானார். அவர் விட்டுச் சென்றவற்றுள் ஒன்று 1969 ஆம் ஆண்டு மாடல் அம்பாசடர் கார். 1978 இல் பழைய வண்டியாக வாங்கி, கடைசி வரையில் தம் கையாலேயே துடைத்துப் பேணி வந்தார். கடிதத்தின் சாரம் இதுதான். வண்டி நிற்கும் இடத்தில் எண்ணெய் தேங்குகிறது. பக்கத்து வீட்டுக் குழந்தை அதில் வழுக்கி விழுந்துவிட்டது. மாத முடிவுக்குள் எண்ணெய் சொட்டுவதை நிறுத்த வேண்டும், அல்லது வண்டியை அப்புறப்படுத்த வேண்டும் என்று அடுக்குமாடிக் குடியிருப்பின் நிர்வாகக் குழுவினர் நோட்டீஸ் கொடுத்துவிட்டார்கள். மிஸ்திரி மூன்று முறை பேக்கிங் மாற்றியும் பயனில்லை. இனி என்ஜினையே எடுத்துவிட்டு வேறு ஒரு டீசல் என்ஜினை வைத்தால்தான் தீரும் என்கிறார். விற்றுவிடுவதே நல்லது என்கிறான் பிள்ளை. "அவர் இருந்தவரையில் சொட்டாத வண்டி இப்போது மட்டும் ஏன் சொட்டுகிறது? அதைத் தெரிந்துகொண்டால் போதும். பிறகு விற்பதானாலும் மனம் ஆறும்" என்று முடித்திருந்தார்.

கத்மாவிலிருந்து சோனாரி அதிக தூரமில்லை. பதில் எழுதுவதைக் காட்டிலும் நேரில் போய்வருவதே மேல் என்று கிளம்பினோம்.

வண்டியைப் பார்ப்பதற்கு முன், என்ஜினை மாற்றும் யோசனையைப் பற்றி ஒரு வார்த்தை. அது எளிய தீர்வு போலத் தோன்றும்; ஆனால் மீள வழியில்லாதது. முதல் பதிவிலிருந்து 50 ஆண்டுகளைக் கடந்த வண்டிகளைப் பழம்பெருமை வாகனங்களாகத் தனியே பதிவு செய்துகொள்ள 2021 ஜூலையில் மத்திய அரசு விதி வகுத்தது. சட்டகம், உடல், என்ஜின் ஆகியவற்றில் பெரிய மாறுதல் எதுவும் செய்திருக்கக் கூடாது என்பது அதன் நிபந்தனை. இந்த வண்டிக்கு அந்த வயது ஆகிவிட்டது. காலமானவருக்கு அப்படிப் பதிவு செய்துகொள்ள வேண்டுமென்ற ஆசை இருந்ததாம். விண்ணப்பத்தாள்கூட வாங்கி வைத்திருந்தாராம். டீசல் என்ஜின் ஏறிய அன்றே அந்த ஆசைக்கு முடிவு கட்டியதாகிவிடும். ஆகவே ஒரு பேக்கிங்குக்காக என்ஜினைப் பலி கொடுப்பதா என்பதே கேள்வி.

வாயிற்படியில் அந்தப் பிள்ளை நின்றிருந்தான். "வாங்கோ மாமா. அம்மா உங்களை வீணாக அலைய வைத்துவிட்டாள்" என்றான். அவன் கையில் ஒரு சிறு புட்டி இருந்தது. எண்ணெயில் கலந்தால் கசிவு நின்றுவிடும் என்று சொல்லிக் கடையில் கொடுத்ததாம்.

"அதை அப்படியே வை, தம்பி" என்றோம். இத்தகைய திரவங்கள் பெரும்பாலும் காய்ந்து இறுகிய ரப்பரை ஊதச் செய்து மிருதுவாக்கும். ரப்பரால் ஆன எண்ணெய்ச் சீல்கள் உள்ள இடத்தில் சிறிது காலம் பயன் தரக்கூடும். ஆனால் இந்த என்ஜினில் எண்ணெயைத் தடுத்து நிறுத்துவது பெரும்பாலும் தக்கையும் காகிதமுமே. அவை ரப்பரல்லவே!

இந்த என்ஜினைப் பற்றிச் சிறிது சொல்லிவிடுகிறோம். ஹூக்ளி நதிக்கரையிலுள்ள உத்தர்பாராவில் 1957 முதல் 2014 மே மாதம் வரையில் தயாரான அம்பாசடர், இங்கிலாந்தின் மோரிஸ் ஆக்ஸ்போர்டு மூன்றாம் வரிசைக் காரின் வழி வந்தது. அதில் நெடுங்காலம் இருந்த பெட்ரோல் என்ஜின் 1489 கன சென்டிமீட்டர் கொள்ளளவு உள்ளது. பி வரிசை என்று அழைக்கப்படும் குடும்பத்தைச் சேர்ந்தது. நான்கு சிலிண்டர். வார்ப்பிரும்பினால் ஆன உறுதியான உடல். ஓட்டுபவர் பார்வையில் இடப்பக்கம் கார்புரேட்டரும், அதன் கீழே புகை வெளியேறும் எக்ஸாஸ்ட் மானிஃபோல்டும் இருக்கும். அவற்றுக்கும் பின்னால் ஒளிந்தாற்போல் இரண்டு பக்க மூடிகள். தலைக்கு மேலே தகட்டினாலான ராக்கர் மூடி. அடியிலே எண்ணெய் தங்கும் சம்ப். இதை நம் ஊர் மிஸ்திரிகள் சேம்பர் என்பார்கள். ராக்கர் மூடி, பக்க மூடிகள், சம்பின் இரு முனைகள் ஆகிய எல்லா இடங்களிலும் தக்கைதான் காவல்.

இரண்டு உலோகப் பரப்புகளை எவ்வளவு இழைத்துச் சேர்த்தாலும் இடையே மயிரிழை இடைவெளி இருக்கும். அந்த இடைவெளியை நிரப்பவே மிருதுவான பொருள் ஒன்றை நடுவே வைக்கிறோம். கேஸ்கட், பேக்கிங் என்று எப்பெயரிட்டு அழைத்தாலும் வேலை அதுவே. தக்கைக்குள் காற்றறைகள் நிறைந்திருப்பதால் அது அழுத்தினால் அமுங்கும், விட்டால் எழும்பும். அந்த எழும்பும் குணம்தான் எண்ணெயைத் தடுக்கிறது. அளவுக்கு மீறி இறுக்கினால் தக்கை நசுங்கிச் செத்துவிடும். ஓரத்தில் பிதுங்கிப் பிளக்கும். எண்ணெய் கசிகிறது என்றவுடன் ஸ்பானரை எடுத்து மேலும் ஒரு சுற்று இறுக்குகிறோம் அல்லவா? கசிவைப் பெருக்க அதைவிடச் சிறந்த வழி கிடையாது.

நமக்கு இதெல்லாம் பிறவியிலேயே தெரிந்த ஞானம் என்று வாசகர்கள் எண்ண வேண்டாம். பல ஆண்டுகளுக்கு முன் நம்மிடமும் ஓர் அம்பாசடர் இருந்தது. சம்பின் ஓரத்தில் சொட்டியது. தக்கையை நம்பாமல், குழாயில் அடைத்து விற்கும் சிவப்பு சிலிகோன் பசையைத் தோசைக்கு மிளகாய்ப் பொடி தடவுவது போலத் தாராளமாகத் தடவி மூடினோம். ஒரு சொட்டுகூட வெளியே வரவில்லை. வருவோர் போவோரிடமெல்லாம் பெருமை பேசினோம். ஏழு வாரம் கழித்து, ராஞ்சி செல்லும் சாலையில் புண்டூவைத் தாண்டியதும் என்ஜினுக்குள் யாரோ சுத்தியால் தட்டுவது போன்ற ஓசை கேட்டது. வெளியே பிதுங்கிய பசையை நாம் துடைத்திருந்தோம். உள்ளே பிதுங்கியதை யார் துடைப்பது? அது புழுப்புழுவாகக் கழன்று, எண்ணெயை உறிஞ்சும் குழாயின் வலைச் சல்லடையில் போய் அடைத்துக்கொண்டது. எண்ணெய் இன்றிப் பேரிங்குகள் தேய்ந்தன. கிராங்க் தண்டைக் கடைந்து சரிசெய்ய வேண்டியதாயிற்று. அந்த வருஷம் தீபாவளிக்கு நம் வீட்டில் எவருக்கும் புதுத்துணி இல்லை. மனைவி இன்றளவும் சிவப்பு நிறப் பசை எதைக் கண்டாலும் நம்மை ஒரு பார்வை பார்ப்பதுண்டு.

சோனாரிக்குத் திரும்புவோம். வண்டியின் கீழே பார்த்தபோது உண்மையிலேயே திகைப்பாயிருந்தது. மேல் மூடியின் ஓரம் முழுவதும் ஈரம். பக்க மூடிகளின் அடியில் ஈரம். முன்னால் டைமிங் சங்கிலி மூடியைச் சுற்றி ஈரம். சம்ப் முழுவதும் ஈரம். மிஸ்திரி மாற்றிய பேக்கிங்குகளைப் பார்த்தோம். அவர் மேல் குற்றமில்லை, ஒழுங்காகவே வைத்திருந்தார்.

அம்மையார் உள்ளேயிருந்து ஒரு நோட்டுப் புத்தகத்தைக் கொண்டு வந்தார். கணவர் கைப்பட எழுதியது. எந்தத் தேதியில், எத்தனையாவது கிலோமீட்டரில், எவ்வளவு எண்ணெய் ஊற்றினார் என்று முத்து முத்தான எழுத்தில் பக்கம் பக்கமாகக் குறித்திருந்தார். 1978 இலிருந்து தொடங்கும் அந்தக் கணக்கைப் பார்த்தால், வண்டி சொட்டாமலே இருந்தது என்று சொல்வதற்கில்லை. இரண்டு, மூன்று மாதத்திற்கு ஒரு முறை அரை லிட்டர் ஊற்றியிருக்கிறார். கீழே தகரத் தட்டு வைத்ததாகவும் ஒரு குறிப்பு இருந்தது. அம்மையாருக்கு அந்தத் தட்டு நினைவில் இல்லை. நாமும் நினைவூட்டவில்லை. ஆனால் கடைசிக் குறிப்புக்கும், பிள்ளை மறுபடி வண்டியை எடுத்ததற்கும் இடையே எட்டு மாத இடைவெளி. வண்டி அசையாமல் நின்றிருந்த காலம் அது. அதற்குப் பிறகுதான் வாரத்திற்கு அரை லிட்டர்.

தனித்தனியே இருக்கும் நான்கு பேக்கிங்குகள், எட்டு மாதத்தில் ஒன்றாகக் கூடிப் பேசிக்கொண்டா கெட்டுப்போகும்? வீட்டிலே குக்கரை எடுத்துக்கொள்ளுங்கள். ஆவி போகும் துவாரத்தில் பருப்பு அடைத்துக்கொண்டால், மூடியின் ரப்பர் வளையத்தைச் சுற்றி ஆவி சீறும். அப்போது ரப்பரைக் குறை கூறுவோமா, துவாரத்தைப் பார்ப்போமா?

என்ஜினும் மூச்சுவிடுகிறது. பிஸ்டன் வளையங்கள் எவ்வளவு புதியனவாக இருந்தாலும், எரிந்த வாயுவில் சிறிதளவு அவற்றைத் தாண்டிக் கீழே கிராங்க் அறைக்குள் இறங்கும். அது வெளியேற வழி வேண்டும். இந்த என்ஜினில் இரண்டு வழிகள். ராக்கர் மூடியிலிருந்து ஒரு ரப்பர்க் குழாய் காற்று வடிகட்டிக்குச் செல்லும். முன் பக்க மூடியிலிருந்து ஓர் இரும்புக் குழாய் கீழ் நோக்கி இறங்கித் தரையைப் பார்த்தபடி திறந்திருக்கும். இரண்டும் அடைபட்டால் உள்ளே அழுத்தம் ஏறும். ஏறிய அழுத்தம் எந்தப் பேக்கிங் இளைத்ததோ அதன் வழியாக எண்ணெயைத் தள்ளும். புதுப் பேக்கிங் போட்டால் அடுத்ததன் வழியாகத் தள்ளும்.

என்ஜினை ஓட விட்டு, டிப் ஸ்டிக்கைக் கவனித்தோம். அது தன் இருப்பிடத்திலிருந்து ஒரு விரற்கடை மேலே எழும்பி நின்றது! அழுத்திவிட்டால் மறுபடியும் மெல்ல எழும்பியது. எண்ணெய் ஊற்றும் மூடியைத் திறந்ததும் புஸ் என்று காற்று வந்தது.

ரப்பர்க் குழாயைப் பின்தொடர்ந்து போனால், அது வடிகட்டிக்குப் போகவில்லை. எப்போதோ மாற்றிய புதிய வடிகட்டியில் அதற்கு இடமில்லாததால், குழாயின் வாயில் ஒரு போல்டைச் செருகி, கிளிப் போட்டு இறுக்கியிருந்தார்கள். காலமானவர் செய்தாரா, பிறர் செய்தாரா என்பது தெரியவில்லை, நோட்டில் குறிப்பில்லை. அப்படியும் கீழ்க்குழாய் ஒன்று திறந்திருந்த வரையில் என்ஜின் சமாளித்து வந்தது. டார்ச் விளக்கோடு தரையில் மல்லாந்து படுத்து அந்தக் கீழ்க்குழாயின் வாயைப் பார்த்தோம். வேட்டி போனது இவ்விடத்தில்தான். வாயை மண்ணால் பூசி மெழுகி அடைத்திருந்தது, குளவி!

நின்றுபோன வண்டியின் குழாய்கள் மண்குளவிக்கு மாளிகை. எட்டு மாதத்தில் அது அடுக்கடுக்காகக் கட்டிவிட்டது. பழைய எண்ணெய்க் கசடும் அந்த மண்ணும் சேர்ந்து சிமெண்டைப் போல இறுகியிருந்தன. விஷயத்தைச் சொன்னதும் அம்மையார் தயங்கினார். "வீட்டில் குளவி கூடு கட்டினால் கலைக்கக் கூடாது என்பார்களே, அண்ணா" என்றார். உள்ளேயிருந்து மருமகள் சிரிக்கும் ஒலி கேட்டது. கூடு காலியாகிவிட்டது, குளவிக் குஞ்சுகள் எப்போதோ பறந்துபோய்விட்டன என்று எடுத்துக் காட்டிய பிறகே அனுமதி கிடைத்தது.

இங்கே ஓர் எச்சரிக்கை. கம்பியைக் கீழிருந்து மேலே விட்டுக் குத்த வேண்டும் என்று கை துடிக்கும். குத்தினால் மண் முழுவதும் என்ஜினுக்குள் விழும். குழாயைக் கழற்றித்தான் சுத்தம் செய்ய வேண்டும். அதற்குப் பக்க மூடியை எடுக்க வேண்டும். அதற்கு மானிஃபோல்டை எடுக்க வேண்டும். ஆகையால் அதை மறு ஞாயிற்றுக்கு வைத்துக்கொண்டு, அன்று ரப்பர்க் குழாயின் போல்டை மட்டும் பிடுங்கி, தற்காலிகமாக ஒரு வலைத்துணியைக் கட்டினோம். டிப் ஸ்டிக் அதன் பிறகு எழும்பவில்லை.

அழுத்தம் தணிந்தால் எல்லாம் தீர்ந்துவிடுமா? தீராது. ஆனால் அதன் பிறகுதான், உண்மையில் எந்தப் பேக்கிங் கெட்டது என்று கண்டுபிடிக்கவே முடியும். எண்ணெய் கீழ்நோக்கி வழியும். விசிறிக் காற்று அதைப் பின்னோக்கி அடிக்கும். ஆகவே சொட்டும் இடம் வேறு, கசியும் இடம் வேறு. முதலில் என்ஜின் ஆறியிருக்கும்போது மண்ணெண்ணெயும் தூரிகையும் கொண்டு முழுவதும் கழுவித் துடைத்து, நன்றாக உலர விட்டோம். மண்ணெண்ணெய் வாடை போகும்வரை ஸ்டார்ட் செய்யலாகாது. பிறகு குழந்தைகளுக்குப் போடும் பவுடரை வாங்கி வந்து, மூடிகளின் ஓரங்களில் எல்லாம் மெல்லிய படலமாகத் தூவினோம். பிள்ளை ஜூபிலி பூங்கா வரை ஓட்டிப் போய்வந்தான். வெள்ளைப் பவுடரின் மேல் எண்ணெய் போன தடம், மாக்கோலத்தில் எறும்பு ஊர்ந்தது போலத் துல்லியமாகத் தெரிந்தது. எப்போதும் மேலேயுள்ள தடத்தை முதலில் நம்ப வேண்டும். கீழே உள்ளவை அதன் பிள்ளைகளாக இருக்கக்கூடும்.

இரண்டு தடங்கள் இருந்தன. ஒன்று ராக்கர் மூடியின் பின் இடப்பக்க மூலை. அங்கே கசியும் எண்ணெய் நேராக எக்ஸாஸ்ட் மானிஃபோல்டின் மேல் விழுகிறது. தரையிலுள்ள கறைக்கு அஞ்சி நோட்டீஸ் கொடுத்தார்கள். நமக்கு அச்சம் தந்தது இதுதான். பழுக்கக் காயும் இரும்பின் மேல் எண்ணெய் விழுந்தால் முதலில் புகையும் வாடையும். போகப்போகத் தீயும் பற்றக்கூடும். வண்டிக்குள் எண்ணெய் கருகும் வாடை வந்தால், கறையைப் பற்றிக் கவலைப்படுவதை விட்டு முதலில் மேல் மூடியைப் பாருங்கள். மற்றொரு தடம் பின் பக்க மூடியின் கீழ் விளிம்பு. டைமிங் மூடியும் சம்பும் தாமாகவே உலர்ந்துவிட்டன. அவை அழுத்தத்தால் அழுதவை; நோயாளிகள் அல்ல.

தக்கைப் பேக்கிங்குகளும் மானிஃபோல்டுக்கு உரியதும் உள்ளூரில் அகப்படவில்லை. கல்கத்தாவுக்குப் போயிருந்த பிள்ளையின் நண்பர் மல்லிக் பஜாரில் தேடிப் பிடித்து, ஸ்டீல் எக்ஸ்பிரஸில் கொண்டு வந்து சேர்த்தார். பிரித்துப் பார்த்தால், மேல் மூடிக்கானது அரை விரல் குட்டை! கடையில் நெடுநாள் கிடந்த தக்கை உலர்ந்து சுருங்குவது இயல்பு. தவறான சரக்கு என்று எறிந்துவிட வேண்டியதில்லை. இரவு ஒரு தாம்பாளத் தண்ணீரில் ஊறப் போட்டோம். காலையில் அளவுக்கு வந்திருந்தது. ஈரத்தை ஒற்றியெடுத்து அப்படியே பொருத்தலாம்.

ராக்கர் மூடியைச் சாப்பாட்டு மேசையின் கண்ணாடிப் பலகை மேல் கவிழ்த்து வைத்தோம். கண்ணாடியைக் காட்டிலும் மட்டமான பரப்பு வீட்டில் வேறில்லை. மூடி நான்கு மூலைகளிலும் படியவில்லை. பின் மூலையில் ஒரு காகிதம் நுழையும் இடைவெளி. இந்த மூடியைப் பிடித்திருப்பவை நடுவிலுள்ள இரண்டே நட்டுகள். கசியும்போதெல்லாம் அவற்றை இறுக்கி இறுக்கி, தகடு நடுவே குழிந்து, மூலைகள் தூக்கிக்கொண்டன. மரக்கட்டையின் மேல் வைத்து, விளிம்பைச் சிறு சுத்தியால் பொறுமையாகத் தட்டித் தட்டி நேராக்கினோம். இதற்கு ஒரு மணி நேரம் பிடித்தது. மூன்று முறை பேக்கிங் மாற்றியும் இந்த மூலை ஏன் நிற்கவில்லை என்பதற்கு விடை இந்த ஒரு மணி நேரத்தில் இருந்தது. மிஸ்திரியைக் குறை சொல்ல மாட்டோம். பேக்கிங் மாற்றக் கூலி கொடுப்பவர்கள், தகட்டைத் தட்டக் கூலி கொடுப்பதில்லை.

பழைய தக்கைத் துணுக்கு ஒன்றுகூட இல்லாமல் இரு பரப்புகளையும் சுரண்டி, ஸ்பிரிட்டால் துடைத்தோம். பேக்கிங்கை மூடியின் பக்கம் மட்டும் மெல்லிய பசையிட்டு ஒட்டினோம். என்ஜினைத் தொடும் பக்கத்தில் விரலால் சிறிது கிரீஸ் தடவினோம். இப்படிச் செய்தால் வால்வு இடைவெளி பார்க்க அடுத்த முறை மூடியைத் திறக்கும்போது தக்கை கிழியாமல் மூடியோடு வரும். நட்டுகளின் கீழுள்ள ரப்பர் வளையங்கள் கல்லாகியிருந்தன. அவற்றையும் மாற்றினோம், ஏனெனில் அந்த வழியாகவும் எண்ணெய் ஏறும். இறுக்கும் அளவு? இந்தக் குடும்பத்து என்ஜின்களின் ராக்கர் மூடிக்கு 4 அடி-பவுண்டு, சம்ப் போல்டுகளுக்கு 6 அடி-பவுண்டு என்பது பணிமனைக் கையேடுகளில் காணப்படும் அளவு. அதாவது குட்டை ஸ்பானரை இரண்டு விரல்களால் பிடித்து இறுக்கும் பலம். பிள்ளை நம்பவில்லை. "இவ்வளவு போதுமா மாமா?" என்று மூன்று முறை கேட்டான். நான்காம் முறை கேட்பதற்குள் ஸ்பானரை நம் பையில் போட்டுக்கொண்டோம்.

பக்க மூடிகளின் வேலை அன்று பொழுதைத் தின்றது. கார்புரேட்டரும் மானிஃபோல்டும் இறங்கின. துருப்பிடித்த நட்டுகளுக்கு முதல் நாள் மாலையே எண்ணெய் விட்டு ஊற வைத்திருந்ததால் எதுவும் முறியவில்லை. குழாயைக் கழற்றி, மண்ணெண்ணெயில் ஊற வைத்து, குளவி மாளிகையைத் தகர்த்தோம். கைப்பிடி மண் வந்தது. கீழ் வாயில் சல்லடைக் கம்பி வலை ஒன்றை வளைத்துக் கட்டினோம்; வாயு போகும், குளவி நுழையாது. ரப்பர்க் குழாய்க்கு வடிகட்டியில் ஒரு மூக்கு வைத்துக் கொடுக்கும்படி சாக்சியில் ஒரு பட்டறையில் சொல்லி முறையாக இணைத்தாயிற்று.

மூச்சு வழிகளைத் திறந்த பின்னும் டிப் ஸ்டிக் எழும்பினால், ஊற்றும் மூடியைத் திறக்கும்போது என்ஜின் ரயிலைப் போலப் புகை விட்டால், பிஸ்டன் வளையங்கள் தேய்ந்துவிட்டன என்று பொருள். அங்கே பேக்கிங் வைத்தியம் பலிக்காது. சிலிண்டர்களின் அமுக்கத்தை அளந்து பார்த்து என்ஜினைப் பிரிக்க வேண்டியதுதான். இந்த வண்டிக்கு அந்தத் தேவை இல்லை. அந்த மனிதர் எண்ணெயை ஒழுங்காக மாற்றி வந்த பலன்.

அன்றிரவு வண்டியின் அடியில் பெரிய அட்டை ஒன்றை விரித்தோம். முன் சக்கரங்கள் நிற்கும் இடத்தைக் கோடிட்டுக் குறித்தால், எந்தச் சொட்டு எதன் கீழே விழுந்தது என்பதை மறுநாள் கணக்கிடலாம். காலையில் பிள்ளை தொலைபேசியில் அழைத்தான். உள்ளங்கை அகலக் கறை போய், மூன்றே சொட்டு. மூன்றும் ஒரே இடத்தில். என்ஜினுக்கும் கியர் பெட்டிக்கும் நடுவே, கிளட்சை மூடிய உறையின் அடித் துவாரத்துக்கு நேர் கீழே. அந்தத் துவாரத்தில் ஒரு ஸ்பிளிட் பின் ஆடிக்கொண்டிருக்கும். துவாரம் அடைபடாமல் இருக்கவே அதை வைத்திருக்கிறார்கள். சொட்டுகிறதே என்று அதை அடைப்பவர்களும் உண்டு. எண்ணெய் உள்ளே தேங்கிக் கிளட்ச் வழுக்கத் தொடங்கும்.

இந்தச் சொட்டை நிறுத்த முடியுமா என்று அம்மையார் கேட்டார். உள்ளதை உள்ளபடி சொன்னோம். கிராங்க் தண்டின் பின் முனையில் இந்தப் பழைய என்ஜினில் ரப்பர்ச் சீல் கிடையாது. தண்டிலேயே திருகு மரை போல ஒரு சுருள் வெட்டியிருக்கும். தண்டு சுழலும்போது அந்தச் சுருள் எண்ணெயை உள்ளே திருப்பி அனுப்பும். வண்டி நின்றதும் சுருளும் ஓய்கிறது. மிஞ்சிய இரண்டொரு சொட்டு வெளியே வருகிறது. கட்டிய நாளிலிருந்தே அதன் சுபாவம் அப்படி. கணவர் வைத்திருந்த தகரத் தட்டு எதற்கென்று அப்போது அவருக்கே புரிந்துவிட்டது. தட்டு பால்கனியில் துளசித் தொட்டிக்கு அடியில் இருந்தது! அதை எடுத்துக் கழுவி, மரத்தூள் நிரப்பி, வண்டியின் கீழ் வைத்தாயிற்று. தொட்டிக்கு வேறு தட்டு வாங்கினார்கள்.

நிர்வாகக் குழுவினரிடம் பிள்ளை அட்டையையும் தட்டையும் கொண்டுபோய்க் காட்டினான். செயலாளர் நேரில் வந்து குனிந்து பார்த்தார். தரையைச் சோப்புத் தூளால் கழுவித் தர வேண்டும், தட்டு எப்போதும் இருக்க வேண்டும், மூன்று மாதம் கழித்து மறுபடியும் பார்ப்போம் என்று எழுதிக் கொடுத்திருக்கிறார். விழுந்த குழந்தையின் வீட்டுக்கு அம்மையார் அதிரசம் செய்து எடுத்துப் போனார். வண்டியை விற்கும் பேச்சு முற்றிலும் ஓய்ந்துவிட்டதாகச் சொல்ல முடியாது. பழம்பெருமை வாகனமாகப் பதிவு செய்தால் அன்றாடம் கடைக்குப் போக ஓட்ட முடியாதே என்று பிள்ளை யோசிக்கிறான். அது அவர்கள் குடும்ப விஷயம்.

ஆனால் சென்ற வாரம் போயிருந்தபோது, அந்த நோட்டுப் புத்தகம் முன்னறை மேசையில் திறந்திருந்தது. எட்டு மாத வெற்றிடத்துக்குக் கீழே, வேறொரு கையெழுத்தில் புதிதாக ஒரு வரி: தேதி, கிலோமீட்டர், ஊற்றிய எண்ணெய் இல்லை, தட்டில் மூன்று சொட்டு.